வால் வண்டிக்குப் போட்ட கமலைத் தோல்

இன்னும் முகம் காட்டாத என் மகனுக்கு,

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிற உன் அப்பனுக்குப் பத்தொன்பது வயது. நீ இதைப் பிரிக்கிற நாளில் உனக்கு இருபது தாண்டியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் உன் கையில் கொடுப்பதில்லை என்று உன் அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஆக, இந்தக் காகிதத்தில் பேசுகிறவன் உனக்கு இளையவன். தம்பி என்று கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். மகன் என்று எழுதியதுகூட என் அம்மாவின் தீர்ப்புத்தான். உன் அம்மாவின் வயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஆண்பிள்ளை என்று சொல்லிவிட்டாள். பெண்ணாக வந்தால் கடைசி எழுத்தை மட்டும் மாற்றிப் படித்துக்கொள். மீதி எல்லாம் உனக்கும் பொருந்தும்.

கடிதம் எழுதுவது என் யோசனை இல்லை, உன் அம்மா வள்ளிக்கண்ணு போட்ட உத்தரவு. அவள் பிரசவத்துக்காக இலுப்பூரில் தாய் வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே கந்தர்வக்கோட்டையில் லாரி ஷெட்டில் ஒரு கரி மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கங்கே கறுப்பு விரல் தடம் இருந்தால் அது எழுத்துப் பிழை இல்லை. ஏன் இதை எழுதச் சொன்னாள் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். அப்பன் மகனுக்கு எழுதும் கடிதம் என்றால் நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் சொந்தமாகக் கெட்டுப்போய்க் கண்டுபிடித்தது.

ஊரில் எனக்கு வாலு என்று பெயர். எட்டு வயதில் கோயில் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, பூசாரி ஓசை வராத மணியை மூச்சு வாங்க ஆட்டுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். பதினைந்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் இலுப்பூர் மாமாவின் செருப்பில் ஒன்றை மட்டும் ஒளித்து வைத்தேன். இரண்டையும் எடுத்தால் திருட்டு, ஒன்றை எடுத்தால் வேடிக்கை. பந்தி முடியும்வரை அவர் ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி ஊரையே விசாரித்தார். அந்த மாமாதான் உன் அம்மாவைப் பெற்றவர், என் அம்மாவுக்கு உடன்பிறந்தவர். அக்காள் மகன் என்பதால் எனக்குப் பெண் கொடுத்தார். முறைக்காகக் கொடுத்தார், முறைத்துக்கொண்டே கொடுத்தார்.

நான் வேலை பார்க்கும் லாரி கரி வாயுவில் ஓடுவது. சண்டை நடக்கிற காலம், பெட்ரோல் எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் லாரியின் இடுப்பில் ஓர் அடுப்பு, அதில் கரி வெந்து வருகிற புகையில்தான் இன்ஜின் ஓடும். ஏற்றம் வந்தால் நடந்து போகிறவர் எங்களை முந்திக்கொண்டு போய், மேலே நின்று நலம் விசாரிப்பார். அந்த லாரிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் உண்டு. பழைய லாரி ஒன்றின் பின் அச்சை எடுத்து அதன் மேல் பலகை அடித்துச் செய்தது. ஊர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை, வால் வண்டி என்று வைத்துவிட்டார்கள். வால் வண்டியின் முகப்பில் ஒரு பலகை இருக்கை, பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு நெம்புகோல். அங்கே உட்கார்ந்து பிரேக் பிடிப்பது என் வேலை. வாலுக்கு வால் வண்டி. முதலாளி யோசித்துத்தான் கொடுத்திருக்க வேண்டும். லாரியை ஓட்டுகிறவர் வெள்ளைச்சாமி அண்ணன். நாற்பத்தைந்து வயதுக்காரர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வண்டி ஓட்டுகிறவர். அவருக்கும் எனக்கும் நடுவில் மூட்டைகள் இருப்பதால் பேச்சு எட்டாது. அதற்காக ஒரு கயிறு, அதன் முனையில் என் தலைக்கு மேல் ஒரு சின்ன மணி. ஒரு முறை அடித்தால் பிடி, இரண்டு முறை அடித்தால் விடு. இந்த இரண்டே வார்த்தையில் நாங்கள் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிது என்று புரியாது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புச் சட்டி, அதற்கு டிரம் என்று பெயர். அதற்குள்ளே சுற்றாமல் நிற்கும் பிறை போன்ற இரண்டு இரும்புகள், அவை பிரேக் ஷூ. நெம்புகோலை இழுத்தால் இரண்டு பிறையும் விரிந்து சட்டியின் உள்சுவரை அமுக்கிப் பிடிக்கும். இரும்பும் இரும்பும் உரசினால் வழுக்கும் என்பதால், பிறையின் முதுகில் லைனிங் என்ற முரட்டுப் பட்டையைச் செம்பு ரிவிட் வைத்து அறைந்திருப்பார்கள். தேய்வது அந்தப் பட்டை. இதை உன் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் என் காலைப் பார்த்தாள். "வண்டிக்கு எதுக்கு மச்சான் ஷூ? ஒங்களுக்கே செருப்பு இல்ல." அவளுக்கும் வாய் உண்டு. நீ தப்பிக்க வழியில்லை.

ஒரு நாள் வால் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி டிரமை உருவியபோது லைனிங் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. ரிவிட் தலைகள் வெளியே வந்து டிரமின் உள்ளே கோடு போட்டிருந்தன. முதலாளி திருச்சிக்குச் சொல்லி அனுப்பினார். சண்டைக் காலத்தில் லைனிங் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை வால் வண்டி ஓரமாக நிற்கட்டும் என்றார். வால் வண்டி இல்லாமல் லாரி மட்டும் இலுப்பூர் வரை உப்பு ஏற்றிப் போகாது. எனக்கோ உன் அம்மாவின் வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. வளைகாப்பு முடிந்ததும் அவளை அழைத்துப்போக மாமா வருவார். பஸ்ஸில் நெரிசலில் போவாள், அல்லது மாட்டு வண்டியில் இரண்டு நாள் குலுங்குவாள். அப்படி இல்லாமல், லாரியின் முன் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து அவள் தாய் வீட்டுத் தெருவில் போய் இறங்க வேண்டும், தெருவே வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைக்குக் காரணம் உன் அம்மா மேல் உள்ள பிரியம் என்றுதான் அப்போது நினைத்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி, மாமா என் லாரியில் வந்து இறங்க வேண்டும் என்பது.

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பழைய கமலைச் சாலின் தோல் வால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து மாடு கட்டி இறைக்கும் சாலில், தண்ணீர் வழிந்து வெளியே வருவதற்கு நீளமாக ஒரு தோல் குழாய் இருக்குமே, அது. நல்ல தடிமன், இரும்பு போல உறுதி. என் அப்பா பத்து வருஷமாக வெடித்துப் போகாமல் புங்க எண்ணெய் தடவித் தடவிக் காப்பாற்றிய தோல். அதை அறுத்தேன். பிறையின் வளைவுக்கு ஏற்றபடி நாலு பட்டை வெட்டி, துளையிட்டு, ரிவிட் தலை தோலுக்குள் நன்றாக அமுங்கும்படி அறைந்து, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி, டிரமை மூடினேன். கையால் சுற்றிப் பார்த்து நெம்புகோலை இழுத்தால் கிணற்றில் விழுந்த கல் மாதிரி சக்கரம் அப்படியே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை அப்பா கொட்டகையிலிருந்து, "எங்கடா அந்த வாலு?" என்றார். "முன்னாடிதானே நிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். முதலாளியிடமும் வெள்ளைச்சாமி அண்ணனிடமும், புதுக்கோட்டையில் தெரிந்த இடத்தில் லைனிங் கிடைத்துவிட்டது, சீமைச் சரக்கு என்றேன். வண்டி இலுப்பூர் போய்த் திரும்பியதும் உண்மையைச் சொல்லி, "சீமைச் சரக்கு இல்லண்ணே, நம்ம கிணத்துச் சரக்கு" என்று அவர் வாயைப் பிளக்க வைப்பதாகத் திட்டம். மகனே, எனக்கு எல்லாமே கடைசியில் வாயைப் பிளக்க வைக்கிற திட்டம்தான்.

கிளம்புகிற அன்று காலை மாமா லாரியைச் சுற்றி வந்து பார்த்தார். தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஏன் மாப்ள, இவரு ஓட்டுறாரு. ஒனக்கு என்ன வேலை, வாலப் பிடிக்கிறதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அம்மாவின் கையில் வேப்பிலைக் கொத்தும், காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க ஓர் இரும்புச் சாவியும் கொடுத்திருந்தார்கள். "ஒரு லாரி இரும்பு இருக்குறப்ப சாவி எதுக்கு?" என்று கேட்டதற்கு என் அம்மா என் தலையில் ஒன்று போட்டாள். முன்னால் வெள்ளைச்சாமி அண்ணன், நடுவில் மாமா, ஓரத்தில் உன் அம்மா, அவளுக்குள் நீ. பின்னால் வாலில் நான்.

வண்டி நகர்ந்ததும் ஒன்றைக் கவனித்தேன். லாரியின் முதுகில் இருந்த சின்னச் சன்னல் வழியாக, உப்பு மூட்டைகளுக்கு மேலே, மாமாவின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. மணி அடிக்காமலே நெம்புகோலை லேசாக ஓர் இழுப்பு இழுத்தேன். லாரி ஒரு நொடி தயங்கியது, தலைப்பாகை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. ஆமாம் என்று தலையாட்டியது போல இருந்தது. என் வாழ்நாளில் மாமா எனக்குத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு விடவில்லை. "மாமா, நான் நல்ல பிள்ளைதானே?" என்று காற்றில் கேட்பேன், இழுப்பேன், அவர் ஆமாம் என்பார். "ஒங்க மகளுக்கு நான் ஏத்தவன்தானே?" ஆமாம். "செருப்ப ஒளிச்சதுக்கு மன்னிச்சாச்சா?" ஆமாம், ஆமாம். புதுக்கோட்டை தாண்டிக் கரி போட நிறுத்தியபோது வெள்ளைச்சாமி அண்ணன் பின்னால் வந்தார். "தம்பி, மணி அடிக்காம இழுக்காத. வண்டி கனக்குது. ஒரு பிள்ளைத்தாச்சி உக்காந்திருக்கு." சரியண்ணே என்றேன். அவர் முன்னால் போனதும், இன்னும் ஒரே ஒரு தடவை என்று தொடங்கினேன். டிரம் கைவைக்க முடியாமல் சுட்டிருக்கும் என்றோ, பத்து வருஷ எண்ணெயைக் குடித்த தோல் சூட்டில் அதைக் கக்கும் என்றோ நான் நினைக்கவே இல்லை. ஒரு வாடை வந்தது. எந்த வீட்டிலோ பலகாரம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன்.

இலுப்பூருக்கு மூன்று மைல் இருக்கும்போது சாலை ஒரு கண்மாய்க் கரை மேல் ஏறி, மறுபக்கம் சரிவாக இறங்கித் திரும்பும். திருப்பத்தில் ஒரு பெரிய புளியமரம். உச்சிவெயில். கரை உச்சியில் மணி ஒரு முறை அடித்தது. என் கை நெம்புகோலில்தான் இருந்தது, உடனே இழுத்தேன். அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. மணி மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. இரண்டு காலையும் பலகையில் ஊன்றி முழு உடம்பையும் போட்டு இழுத்தேன். சக்கரத்திலிருந்து நீலப்புகை வந்தது. உப்புப் பாரத்தோடு வால் வண்டி லாரியின் முதுகில் கைவைத்துத் தள்ளுவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. லாரியின் பிரேக் ஒன்று மட்டும் இரண்டு வண்டிக்கு என்ன செய்யும். அந்த வேகத்தில் திருப்பினால் வால் சுழன்று போய்ப் புளியமரத்தில் அடிக்கும், லாரியையும் கூடவே இழுக்கும். வெள்ளைச்சாமி அண்ணன் திருப்பவில்லை. நேராக, கரைக்குக் கீழே உழுது போட்டிருந்த ஈர வயலில் இறக்கினார். லாரி அச்சுவரை புதைந்து நின்றது. வால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, மூட்டைகள் வெடித்து, வயல் முழுக்க வெள்ளையாக உப்பு.

நான் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். வெள்ளைச்சாமி அண்ணன் ஸ்டியரிங்கில் நெஞ்சு இடித்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மாமா தன் கையைக் குறுக்கே கொடுத்து உன் அம்மாவைத் தாங்கியிருந்தார். அந்தக் கை வீங்கிப் போயிருந்தது. உன் அம்மா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மச்சான், வலிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புளியமரத்து நிழலில் படுக்க வைத்தோம். பக்கத்து ஊரிலிருந்து மருத்துவச்சியை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாள் வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கண்ணைத் திறந்து, "ஒதைக்குது. நல்லா ஒதைக்குது" என்றாள். மகனே, அந்த உதை எனக்கு விழ வேண்டியது.

உயிர் பிழைத்ததும் மனிதர்களுக்குக் கோபம் வரும். மாமா வெள்ளைச்சாமி அண்ணனிடம் திரும்பினார். "வாயும் வயிறுமா ஒரு பொம்பளப் பிள்ளைய ஏத்திக்கிட்டு இப்படியா ஓட்டுறது? கண்ணு எங்க இருந்துச்சு? வயசாயிருச்சுன்னா எறங்கி வேற வேலை பாக்க வேண்டியதுதானே?" வாயில் வந்ததெல்லாம் பேசினார். தலையெல்லாம் உப்போடு அண்ணன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா அடங்கிய பிறகு மெதுவாக என்னிடம் வந்தார்.

"தம்பி, மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

நான் சொன்னது உண்மை. இரண்டே சொல்லில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுதான். அடித்த உடனே இழுத்தேன், பிரேக் பிடிக்கவில்லை, போட்டது தோல் என்று அதற்குப் பிறகு வர வேண்டிய பேச்சு முழுக்க உள்ளேயே நின்றுவிட்டது. எந்நேரமும் ஓடுகிற என் வாய்க்கு அன்று மட்டும் பிரேக் நன்றாகப் பிடித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நாந்தான் லேட்டா அடிச்சிட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

பதினொரு நாள். இந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை. லாரியை வயலிலிருந்து இழுத்துக் கொண்டுவந்தோம். உன் அம்மாவை மாட்டு வண்டியில் மெத்தை போட்டு இலுப்பூருக்குக் கொண்டு போனார்கள். முதலாளி வெள்ளைச்சாமி அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனே போய், கொஞ்ச நாளைக்கு வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஷெட்டில் கோணி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலியால் என்று நினைத்தேன், நினைத்தேன் என்பதைவிட அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ பகலில் ஷெட்டுக்கு வந்தவன், அவர் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்து வாசலிலேயே நின்றேன். ஒரு செங்கல்லைத் தரையில் வைத்து, வலது காலால் அதை அமுக்கினார், எடுத்தார், அமுக்கினார், எடுத்தார். பிறகு ஒரு கண்ணை மூடி வெளியே இருந்த பனைமரத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார். மறுபடி செங்கல்லை அமுக்கினார். தன் காலை அவரே விசாரணை செய்துகொண்டிருந்தார். குற்றவாளி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

திட்டு வாங்கியது ஆறிவிடும். அவர் தன் காலை நம்பாமல் போனது என் மௌனத்தால். நான் அவர் வேலையை எடுக்கவில்லை, அவரிடமிருந்து அவரையே எடுத்துக்கொண்டிருந்தேன், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்படித் தெரிந்தும் அன்றும் நான் சொல்லவில்லை. சொன்னால் மாமா உன் அம்மாவை என்னோடு திரும்ப அனுப்ப மாட்டார், நீ உன் அப்பன் முகம் தெரியாமல் இலுப்பூரில் வளர்வாய் என்ற பயம். பயம் வந்தால் மனம் நன்றாக வாதாடும். உனக்காகத்தான் சொல்லவில்லை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மேல் பழி போட்ட முதல் ஆள் நான்தான், நீ பிறப்பதற்கு முன்னாலேயே.

பதினோராம் நாள் திருச்சியிலிருந்து லைனிங் வந்தது. முதலாளி, "அதான் போட்டாச்சே, இத எடுத்து வை" என்றார். டிரமுக்குள் சேறு போயிருக்கும், கழற்றித் துடைத்துவிட்டு இதையே போட்டுவிடுகிறேன் என்றேன். எனக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பார். தோலை எடுத்து எரித்துவிட்டுப் புது லைனிங்கை அறைந்தால் உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சாது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சுற்றிலும் தட்டித் தட்டி டிரமை உருவினேன். தோல் கருகி, பளபளவென்று, தொட்டால் கை வழுக்கியது. டிரமின் உள்சுவர் எண்ணெய்ச் சட்டி போல இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி முதல் பட்டையைப் பெயர்த்து மடியில் செருகிக்கொண்ட நேரம், பின்னால் வெள்ளைச்சாமி அண்ணன் குரல்.

"ஸ்டியரிங் பிடிக்கத்தான் ஆகாது. ஸ்பிரிங் பிடிக்க ஆகும்ல. தள்ளு தம்பி, ஒத்தாசை பண்றேன்."

குத்துக்கால் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்னடா வாடை?"

"வடை சுட்டேண்ணே. டிரமுலதான் சுட்டேன்."

அது தானாக வந்துவிட்டது. என் வாய் அப்படி. அவர் சிரித்தார். பதினொரு நாளில் முதல் சிரிப்பு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார். "ஒன்னாலதாண்டா இந்த ஷெட்டுக்கே உசுரு" என்றார். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் மகனே. அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மடியிலிருந்து தோலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகையில் அறுத்தது, சீமைச் சரக்கு என்றது, மணி அடிக்காமல் விளையாடியது, சூடானது, எண்ணெய் கக்கியது. அவர் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நான் மணி அடிச்சதும் நீ எப்ப இழுத்த?"

"அடிச்ச ஒடனேண்ணே. கை அதுலதான் இருந்துச்சு."

"நான் அடிச்சது கரையிலயா, எறக்கத்துலயா?"

"கரையிலதாண்ணே. எப்பவும் அடிக்கிற எடம்."

அவர் தன் வலது காலைப் பார்த்தார். அதைக் கையால் ஒரு முறை தடவினார். "அப்ப இது சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். எனக்குச் சொல்லவில்லை, காலுக்குச் சொன்னார். தோலை என் கையில் திருப்பித் தந்து, "முதலாளிகிட்ட இப்ப சொல்லு. நாளைக்கு இலுப்பூர் போயி ஒங்க மாமாகிட்ட சொல்லு" என்றார். நீங்களும் கூட வாங்கண்ணே என்றேன். "நான் வந்தா எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும். நீ ஒனக்காகச் சொல்லு." பிறகு இருவரும் சேர்ந்து புது லைனிங்கை அறைந்தோம். டிரமைச் சோடா உப்புப் போட்டு மூன்று தடவை கழுவச் சொன்னார். ஒவ்வொரு ரிவிட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். முடித்த கையோடு போய் முதலாளியிடமும் சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் இலுப்பூர் போனேன். மாமா கையில் கட்டோடு வாசலில் இருந்தார். "வாங்க மாப்ள" என்றார், மரியாதையாக. நான் சொல்லச் சொல்ல மரியாதை குறைந்துகொண்டே வந்தது. கதவுக்குப் பின்னால் உன் அம்மாவின் வளைகாப்பு வளையல்கள் ஓசைப்பட்டுக்கொண்டிருந்தன. நடுவில் அந்த ஓசை நின்றுவிட்டது. தலைப்பாகை விஷயத்தையும் சொன்னேன். அதை விட்டுவிடலாம் என்று பஸ் முழுக்க யோசித்தேன். விட்டால் மறுபடி பாதி உண்மை.

"ஏண்டா, அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? அத நான் எங்கடா போயிக் கழுவுவேன்?" என்றார் மாமா. கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கடைசியாக, "எம் மகளையும் பிள்ளையையும் அவரு ஓட்டினா ஏத்தி விடுறேன். பின்னாடி நீ உக்காந்தா ஏத்த மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார்.

உன் அம்மா வெளியே வந்து நின்றாள். "பதினொரு நாளா ஏன் மச்சான் சொல்லல?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "இத எழுதி வைங்க. பிள்ளை வளர்ந்து படிக்கட்டும். ஒங்க வாயால சொன்னா, ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமா மாறி, கடைசியில சிரிப்புக் கதையாயிரும். நீங்க அதுல கெட்டிக்காரரா ஆயிருவீங்க." என்னை இவ்வளவு தெரிந்த இன்னொரு ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நான் நாற்பது வயதில் உன்னிடம் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிச் சிரிக்க வைத்தால் நம்பாதே. இதை எடுத்துப் படி.

அந்த ஒரே வார்த்தையையும் சொல்லிவிடுகிறேன். தப்புச் செய்யாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, என் ரத்தம் ஓடுகிற உடம்பில் அது எடுபடவும் எடுபடாது. விளையாடு, சிரி, சிரிக்க வை. ஆனால் உன் தப்பு ஒன்று நடந்து, பக்கத்தில் ஒருவர் தன் கையையோ காலையோ கண்ணையோ சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினால், அந்த நிமிஷமே வாயைத் திற. அதற்குப் பதினொரு நாள் எடுக்காதே. இந்தக் காகிதத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் வார் அந்தத் தோலில் வெட்டியதுதான். மோந்து பார். இருபது வருஷத்துக்குப் பிறகும் எண்ணெய் வாடை இருந்தால் ஆச்சரியமில்லை, என் அப்பா அவ்வளவு தடவியிருக்கிறார்.

*

மேலே எழுதி மடித்து வைத்து ஐந்து மாதம் ஆகிறது. நீ மகள். மகனே என்று எழுதியதை எங்கும் திருத்தவில்லை. தப்பை அழிக்காமல் வைக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன். நீ பக்கத்தில் தூளியில் தூங்குகிறாய். நண்பகல், கதவு திறந்திருக்கிறது, உன் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உதைக்கிற காலை எனக்கு அடையாளம் தெரிகிறது.

முதலாளி என்னை மூன்று மாதம் கரி சலிக்க விட்டார். முகம் கறுத்தது, முன்பே கறுத்திருக்க வேண்டிய முகம். வெள்ளைச்சாமி அண்ணன் நான் சொன்ன மறுநாளே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். மூன்றாம் மாத முடிவில் அவரே முதலாளியிடம் போய், வாலுக்குப் பழைய ஆளே வேண்டும், இப்போது பிடிக்கிறவன் மணியைக் கேட்டுவிட்டு யோசிக்கிறான் என்றாராம். போன வாரம் உன்னையும் உன் அம்மாவையும் அழைத்துவர இலுப்பூர் போனோம். மாமா தெருவிலேயே வெள்ளைச்சாமி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கும் தூரத்தில் நான் நிற்கவும் இல்லை. திரும்பி வந்து வால் வண்டியில் என்னைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது. "அவன்தான் பிடிப்பான்" என்றார் அண்ணன். மாமா ஏறி உட்கார்ந்தார்.

கண்மாய்க் கரை உச்சிக்கு வந்ததும் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். உன் அம்மாவையும் இறக்கினார். "நீங்க போங்க. நாங்க நடந்து வாரோம்" என்றார். இலுப்பூரிலிருந்து திரும்பும்போது சரிவு மறுபக்கம்; திருப்பம் இல்லை, ஆனால் நீளமான இறக்கம். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு உன் அம்மா கரையோரம் நின்றாள். மணி ஒரு முறை அடித்தது. இழுத்தேன். பட்டை டிரமைக் கவ்வுவது நெம்புகோல் வழியாக என் தோள்வரை தெரிந்தது. லாரி, நுகத்தில் கட்டிய மாடு மாதிரி நிதானமாக இறங்கி, அடியில் போய் நின்றது. மணி இரண்டு முறை அடித்தது. விட்டேன். எல்லோரும் நடந்து இறங்கி வந்தார்கள். மாமா என் சக்கரத்தருகே நின்று, குனிந்து, டிரமுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். பிறகு முன்னால் போய் ஏறிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. சமதளம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னச் சன்னல் வழியாக மாமாவின் தலைப்பாகை தெரிந்தது. வெள்ளைச்சாமி அண்ணன் அவரிடம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தலைப்பாகை முன்னால் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. நான் இழுக்கவில்லை.